குறைந்த செலவில் வீடு மாற்றுவது: முதலில் கன அளவு, பிறகு கட்டணம்

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது. ஐந்து வாரங்களுக்குள் குடிபெயர வேண்டும். நீங்கள் இருவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். இப்போது இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. போகவிருப்பது தரைத்தள வீடு. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இதற்குச் செலவிட வழியில்லை. மூன்று நிறுவனங்களிடம் தொலைபேசியில் விசாரித்ததில், அதிகமாகச் சொன்னவரின் தொகை குறைவாகச் சொன்னவரின் தொகையைப் போல இரண்டு மடங்காக இருக்கிறது. யாரை நம்புவது, நாமே ஒரு லாரியைப் பிடித்து ஏற்றிச் சென்றால் மிச்சமாகுமா, மாமியார் விட்டுவர மறுக்கும் மரப் பீரோவை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

குடும்பங்களின் வீடு மாற்றத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பதே என் தொழில் என்பதால், முதல் கேள்விக்கான பதிலை நேராகவே சொல்கிறேன்: இப்போதைக்கு அந்த மூவரில் யாரையும் நம்ப வேண்டாம். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காமல், “இரண்டு படுக்கையறை வீடு” என்ற ஒரே தகவலை வைத்துச் சொல்லப்பட்ட எந்தத் தொகைக்கும் பொருள் கிடையாது. ஒருவர் பெரிய லாரியை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார்; இன்னொருவர் சின்ன வண்டியை வைத்து, அதுவும் மாடிக்கான கூலியைச் சேர்க்காமல் சொல்லியிருப்பார். சரக்கு ஏற்றும் நாளன்று அந்த விடுபட்ட கூலி வாசலில் வந்து நிற்கும். அப்போது பாதிச் சாமான் தெருவிலும் பாதி வீட்டிலுமாக இருக்கும் என்பதால், கேட்டதைக் கொடுப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது.

ஆகவே பேரம் பேசுவதற்கு முன்னால் உங்கள் சாமான்கள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரு அளவு நாடாவும் நோட்டும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் போதும். ஒவ்வொரு பெரிய பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் குறித்துப் பெருக்கினால் கன மீட்டர் கிடைத்துவிடும். 0.6 மீட்டர் அகலமும் 0.65 மீட்டர் ஆழமும் 1.6 மீட்டர் உயரமும் கொண்ட ஃபிரிட்ஜ் 0.6 கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். 2 மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமும் 0.55 மீட்டர் ஆழமும் கொண்ட துணி அலமாரி 1.3 கன மீட்டரை எடுத்துக்கொள்ளும். மூவர் அமரும் சோபா ஏறக்குறைய 1.4 கன மீட்டர். கட்டிலை அப்படியே தூக்கினால் 2 கன மீட்டருக்கு மேல் போகும். கழற்றிப் பலகைகளாக அடுக்கினால் அதில் ஒரு சிறு பங்குதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது, அதிகம் பயன்படுத்தும் பொருள்களைவிட ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் பொருள்களே வண்டியை நிரப்புகின்றன என்பது தெரியவரும்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாமானைக் குறைத்தால் செலவு குறையும் என்பது பொதுவான அறிவுரை. அது பாதி உண்மைதான். பல சிறு குடும்பங்களின் சாமான்களை ஒரே வண்டியில் சேர்த்து ஏற்றி, எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு மட்டும் கட்டணம் வாங்கும் முறையில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் பணம் குறையும். ஆனால் உங்களுக்கென்று ஒரு வண்டியை முழுதாக அமர்த்தினால், கட்டணம் வண்டியின் அளவைப் பொறுத்துப் படிப்படியாகத்தான் இறங்கும். பெரிய வண்டியில் கால் பகுதியைக் காலியாக விட்டுச் சென்றாலும் வாடகை அதேதான். எனவே நிறுவனத்தாரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எவ்வளவு ஆகும்?” என்பதல்ல, “இதற்கு அடுத்த சின்ன வண்டியில் எத்தனை கன மீட்டர் கொள்ளும், அதற்கு வாடகை என்ன?” என்பதாகும். அவர்கள் சொல்லும் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இடைவெளிக்காகக் கழித்துவிடுங்கள். நாற்காலிகளும் வளைந்த கைப்பிடிகளும் இருக்கும்வரை எந்த வண்டியையும் முழுக்க அடைக்க முடியாது. கழித்தபின் கிடைக்கும் எண்தான் உங்கள் இலக்கு.

உங்கள் பட்டியல் 18 கன மீட்டர் என்றும், சின்ன வண்டியில் நிஜமாகக் கொள்வது 15 என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் குறைக்க வேண்டியது 3 கன மீட்டர். சோபாவும் அலமாரியும் போனாலே அதில் பெரும்பகுதி முடிந்தது. மீதியைப் பயன்படாத மேசையோ ஊறிப்போன பழைய மெத்தையோ ஈடுகட்டிவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் பாத்திரங்களையும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் வாடகையில் எதுவும் குறையாது. வீட்டில் சண்டைதான் கூடும்.

எதை விட்டுச் செல்வது என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மொத்தக் கட்டணத்தை மொத்தக் கன மீட்டரால் வகுத்தால் ஒரு கன மீட்டரைக் கொண்டுசெல்ல ஆகும் செலவு கிடைக்கும். 15 கன மீட்டர் சாமானில் 1.3 கன மீட்டர் அலமாரி மட்டும் கட்டணத்தில் ஏறக்குறைய 9 சதவீதத்தைச் சுமக்கிறது. அந்தத் தொகையையும், இங்கே அதை விற்றால் கிடைக்கும் தொகையையும் கூட்டிப் பாருங்கள். அதே தரத்தில் பழைய அலமாரி ஒன்றைப் புதிய ஊரில் அந்தக் கூட்டுத்தொகைக்குள் வாங்க முடியும் என்றால், அதை ஏற்றிச் செல்வது வீண். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆன அறைகலன்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். அவற்றை ஒரு முறை கழற்றிப் பூட்டினாலே திருகு போன துளைகள் தளர்ந்துவிடுகின்றன. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் பழைய உறுதி திரும்ப வராது. மாறாக ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், நல்ல நிலையிலுள்ள மெத்தை ஆகியவை இடத்தை அடைத்தாலும் கொண்டுசெல்லத் தகுந்தவையே.

விற்பதாக முடிவெடுத்தவற்றை முதல் இரண்டு வாரங்களிலேயே விற்றுவிடுங்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் விற்பவரிடம் வாங்க வருபவர் பேரம் பேச மாட்டார், காத்திருப்பார். கடைசியில் இலவசமாகவே கிடைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

மாமியாரின் மரப் பீரோவுக்கு மேற்சொன்ன கணக்கைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. தன் விருப்பத்தைக் கேட்காமலேயே ஊர் மாறவேண்டிய நிலையில் இருப்பவர் அவர். பல ஆண்டுகள் பழகிய ஒரு பொருள் கூட வருவதன் மதிப்பை நோட்டில் எழுத முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. புதிய வீட்டின் வாசல், உள்கதவு, அதை நிறுத்தப்போகும் சுவர் மூன்றையும் அங்கே போகிறவரைக் கொண்டு அளந்துவரச் செய்யுங்கள். உங்கள் இப்போதைய மாடிப்படியின் திருப்பத்தையும் அளந்து பாருங்கள். பீரோவின் உயரம் மட்டுமல்ல, சாய்த்துத் திருப்பும்போது வரும் மூலைவிட்டமும் அங்கே அடங்க வேண்டும். பழைய மரப் பீரோக்களில் பலவற்றின் தலைப்பகுதியும் கதவுகளும் தனியே கழன்று வரும். ஒரு தச்சரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது நல்லது. அது எடுக்கும் இடத்துக்கு ஈடாக உங்களுடைய அல்லது கணவருடைய பொருள் ஒன்றை விட்டுவிடுங்கள். சோபாவை நான் முன்மொழிவேன்.

இனி இரண்டாவது கேள்வி. நாமே லாரி பிடித்துச் செல்வதில் மிச்சம் உண்டா என்றால், உங்கள் நிலையில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை. வண்டி வாடகையைப் பார்க்கிறவர்கள், அது வெறுமையாகத் திரும்பி வரும் தூரத்துக்கும் தாங்களே பணம் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரு முனையிலும் ஏற்று கூலி, இறக்கு கூலி, கயிறு, போர்வை, அட்டைப்பெட்டி என்று தனித்தனியாகச் சேரும். மூன்று மாடி இறக்க வேண்டிய ஃபிரிட்ஜையும் பீரோவையும் பழக்கமில்லாத உறவினர்களைக் கொண்டு தூக்குவது, ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் எல்லா மிச்சத்தையும் விழுங்கிவிடும். அதே ஊருக்குள், தரைத்தளத்திலிருந்து தரைத்தளத்துக்கு, குறைந்த சாமானோடு மாறுகிறவர்களுக்கு நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன்.

உங்களுக்கு ஏற்றது நடுவழி. துணி, புத்தகம், உலோகப் பாத்திரம், படுக்கை விரிப்பு போன்ற உடையாத பொருள்களை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சாமான், தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், பீரோ ஆகியவற்றைக் கட்டுவதையும், எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவதையும் நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள். சாமான் கட்டுவதற்கான கூலி மொத்தக் கட்டணத்தில் கணிசமான பகுதி என்பதால் அங்கே குறைப்பது எளிது. உடையும் பொருள்களை அவர்களிடம் விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்காரர் தாமே கட்டிய பெட்டிக்குள் ஏதேனும் உடைந்தால், பெட்டிக்கு வெளியே சேதம் தெரிந்தாலொழிய இழப்பீடு கிடையாது என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கும். இழப்பீட்டைப் பொருளின் விலைக்கு அல்லாமல் எடைக்குக் கணக்கிடும் ஒப்பந்தங்களும் உண்டு. அப்படிப்பட்டதில் மடிக்கணினி உடைந்தால் கிடைப்பது அதன் எடைக்கான சொற்பத் தொகைதான். கையெழுத்திடுமுன் இந்த இரண்டு வரிகளையும் தேடிப் படியுங்கள். மடிக்கணினியையும் நகைகளையும் எப்படியும் லாரியில் ஏற்றாதீர்கள்.

பட்டியல் தயாரானதும் அதே பட்டியலை மூன்று நிறுவனங்களுக்கும் கொடுத்து, நேரில் வந்தோ காணொளி அழைப்பிலோ வீட்டைப் பார்த்துவிட்டு எழுத்தில் தொகை தரும்படி கேளுங்கள். அந்தத் தொகை உறுதியானதா, உத்தேசமா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து இறக்கும் கூலி, வாசலிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை தூக்கிச் செல்லும் தூரம், கட்டிலைக் கழற்றிப் பூட்டுவது, சாலைச் சுங்கம், வரி, காத்திருப்புக் கட்டணம், காப்பீடு ஆகியவை அதில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிலை அதே தாளில் எழுதி வாங்குங்கள். இப்படிச் செய்தபின் அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். அப்போதும் ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால், அவர் எதையோ விட்டுவிட்டார் என்றே கொள்ளுங்கள். சாமானை ஏற்றுவதற்கு முன்பே தொகையின் பெரும்பகுதியைக் கேட்பவரையும், நிலையான முகவரி இல்லாதவரையும் தவிர்த்துவிடுங்கள்.

தேதியிலும் பணம் இருக்கிறது. மாதக் கடைசி, மாதத் தொடக்கம், வார இறுதி, பள்ளி விடுமுறை ஆகிய நாள்களில்தான் எல்லோரும் வீடு மாறுகிறார்கள். மாதத்தின் நடுவில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுத்தால் குறைத்துக் கேட்க இடம் கிடைக்கும். உங்கள் ஊருக்குச் சரக்குக் கொண்டுவந்துவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டி ஏதேனும் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வண்டிக்காரருக்கு எப்படியும் போக வேண்டிய பயணம் என்பதால் வாடகை குறையும். மற்றவர்களின் சாமானோடு சேர்த்து அனுப்பும் முறை இன்னும் மலிவு. ஆனால் சாமான் வந்து சேரும் நாளை உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். வயதானவரும் பிள்ளைகளும் வெறும் தரையில் சில இரவுகள் படுக்க நேரும் என்பதால், உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது, “பழைய வீட்டு முன்பணம் திரும்பியதும் லாரிக்குக் கொடுத்துவிடலாம்” என்ற வரிதான். முன்பணம் பெரும்பாலும் சாவியைக் கொடுத்து, வீட்டைச் சரிபார்த்த பிறகுதான் வரும். வெள்ளையடிக்க, பழுதுபார்க்க என்று அதில் ஒரு பகுதி பிடிக்கப்படவும் கூடும். லாரிக்காரருக்கோ சாமான் இறங்கிய அன்றே கொடுக்க வேண்டும். புதிய வீட்டின் முன்பணத்தை அதற்கும் முன்னதாகக் கட்டியிருக்க வேண்டும். ஆகவே திரும்பி வரும் பணத்தை இந்தத் திட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒப்பந்தப்படி எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று பார்த்து, அதை இன்றே எழுத்தில் கொடுங்கள். தாமதித்தால் வெறும் வீட்டுக்கு ஒரு மாத வாடகை கட்டவேண்டி வரும். வீட்டைக் காலிசெய்ததும் ஒவ்வொரு அறையையும், மின்சார மீட்டரின் எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு வந்திருப்பது அலுவலக மாற்றம் என்பதால், இடமாற்றப் படி உண்டா என்று அவர் கேட்டாரா என்பதைக் கடிதத்தில் காணவில்லை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. முழுச் செலவையும் தராவிட்டாலும், சம்பள முன்பணமாகவோ பயணச் செலவாகவோ ஒரு பகுதியைத் தரும் அலுவலகங்கள் உண்டு. ரசீதுகளைத் தொலைக்காமல் வையுங்கள்.

கையிருப்பில் ஏழில் ஒரு பங்கையாவது தொடாமல் ஒதுக்கி வைக்கும்படி நான் எப்போதும் சொல்வேன். புதிய பூட்டு, பிளக் பொருந்தாத ஒரு சாதனம், முதல் சில நாள் வெளியில் வாங்கும் சாப்பாடு, ஒரு நாள் தள்ளிப்போன வண்டி என்று அது எப்படியும் செலவாகிவிடும்.

கட்டும் வேலையைப் பற்றிச் சில குறிப்புகள் மட்டும். கனமான பொருளுக்குச் சின்னப் பெட்டி, லேசான பொருளுக்குப் பெரிய பெட்டி. முப்பது சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள பெட்டியில் புத்தகம் அடுக்கினால் 15 கிலோவுக்கு மேல் வரும். மாடிப்படியில் ஒருவர் தூக்க அது போதுமான எடை. அதையே 45 சென்டிமீட்டர் பெட்டியில் அடுக்கினால் 50 கிலோவைத் தாண்டிவிடும். தூக்கும்போது அடிப்பக்கம் பிளக்கும். பெட்டிகளைக் கடைகளில் கேட்டாலே சும்மா கிடைக்கும். ஈரம் பட்டதையும் பூச்சி இருப்பதையும் மட்டும் ஒதுக்குங்கள். சுற்றுவதற்குத் தனியே எதுவும் வாங்க வேண்டாம். துண்டும் போர்வையும் எப்படியும் வரத்தான் போகின்றன. தட்டுகளைப் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகத்தை நிறுத்துவதுபோல் நிமிர்த்தி அடுக்கினால் குலுங்கலை நன்றாகத் தாங்கும். எந்த அறைக்கு உரியது என்பதைப் பெட்டியின் மேல்புறத்தில் எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள். அடுக்கியபின் மேல்புறம் தெரியாது. திருகுகளை ஒரு பையில் போட்டு, அந்தந்தக் கட்டிலின் பலகையோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.

ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, பனி உருகித் துடைத்து உலர்ந்த பிறகுதான் கட்ட வேண்டும்; நிமிர்த்திய நிலையிலேயே போக வேண்டும். படுக்க வைத்துக் கொண்டுபோக நேர்ந்தால், இறக்கியபின் ஒரு நாள் முழுவதும் நிமிர்த்தி வைத்த பிறகே மின் இணைப்புக் கொடுங்கள். கம்பரஸரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அந்த நேரம் தேவை. முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின் என்றால், வாங்கியபோது அதன் முதுகில் இருந்து கழற்றிய நீண்ட போல்ட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி பூட்டுங்கள். டிரம் ஆடாமல் பிடிப்பது அவைதான். புதிய வீட்டில் இயக்குவதற்கு முன் அவற்றைக் கழற்றவும் மறக்கக் கூடாது. எரிவாயு சிலிண்டர், மண்ணெண்ணெய், பெயின்ட் போன்றவற்றை வீட்டுச் சாமானோடு ஏற்றாதீர்கள்; தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறமிருக்க, அவற்றைக் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுக்கவும் முடியும்.

சான்றிதழ்கள், மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஒரு மாற்றுத்துணி, சார்ஜர், ஒரு திருப்புளி ஆகியவை உங்கள் கையோடு வரும் பையில் இருக்கட்டும். ஏற்றும்போது பெட்டிகளுக்கு எண் போட்டு, எண்ணிக்கைத் தாளில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். இறக்கும்போது அதே தாளை வைத்து ஒருவர் வாசலிலேயே நின்று சரிபார்க்க வேண்டும். இது மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே மிகச் சிறப்பாகச் செய்யக்கூடிய வேலை. கீறலோ உடைசலோ கண்ணில் பட்டால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். சேதத்தைத் தெரிவிப்பதற்கான காலக்கெடு பல ஒப்பந்தங்களில் மிகக் குறுகியது என்பதால், கண்ணாடிச் சாமானும் மின்சாதனங்களும் உள்ள பெட்டிகளை மற்றவற்றுக்கு முன்னால் பிரித்து, ஃபிரிட்ஜைத் தவிர மற்ற சாதனங்களை முதல் இரண்டு நாள்களுக்குள் இயக்கிப் பார்த்துவிடுங்கள். புத்தகங்களும் துணிகளும் காத்திருக்கலாம்.